பழைய காருக்கும் நாடி பார்க்கலாம்



காரின் பொனட்டைத் திறப்பது ஆண்களின் வேலை என்று நாம் ஒதுங்கி நின்ற காலம் ஒன்று இருந்தது. இன்று எத்தனையோ வீடுகளில் கணவர் கட்டாரில் அல்லது சவூதியில் இருக்கிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதும், கல்யாண வீடு, மரண வீடு என்று ஓடுவதும் மனைவியின் பொறுப்பாகிவிட்டது. வண்டி வழியில் நின்றால் முதலில் பார்க்க வேண்டியவரும் அவர்தான்.

அந்த வண்டியும் பெரும்பாலும் புதியதல்ல. 2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. வரியோ தலைக்கு மேல். ஆகவே கொரோலா, சனி, லான்சர் என்று வாப்பா காலத்தில் வாங்கிய கார்கள் இன்னும் வீட்டு முற்றங்களில் உழைக்கின்றன. கொரோலா 100 வகை ஜப்பானில் வெளிவந்தது 1991 இல். அதற்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வயதானவர்களைப் போலத்தான் வயதான வண்டியும். திடீரென்று விழுவதற்கு முன் பல நாள் முனகும். அந்த முனகலைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

இதற்காக நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. வண்டியில் ஒரு குறை தெரிந்தால் அது மூன்றில் எந்த வகை என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். நம் கையாலேயே சரிசெய்யக் கூடியது ஒன்று. மெதுவாக ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகக் கூடியது இன்னொன்று. அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டியது மூன்றாவது. இந்த மூன்றாவதைத் தெரியாமல் "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்று ஓட்டுவதால்தான் எஞ்சினும் போகிறது, சில வேளை உயிரும் போகிறது.

கை வைப்பதற்கு முன்

எஞ்சினை நிறுத்தி, ஹேன்ட்பிரேக்கை இழுத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தலைத்துணியின் நுனி, சேலை முந்தானை, அபாயாவின் அகன்ற கை ஆகியவற்றை ஊசி குத்தி ஒதுக்கிக் கொள்ளுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி, சூடான எஞ்சினை நிறுத்திய பிறகும் சில வண்டிகளில் தானாகவே சுழலத் தொடங்கும்.

வளையல், மோதிரம், கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றி வையுங்கள். பெட்டரியின் பிளஸ் முனைக்கும் வண்டியின் இரும்புக்கும் இடையில் ஒரு வளையல் பட்டால் கண் மூடித் திறப்பதற்குள் பழுக்கக் காய்ந்து, தோலோடு ஒட்டிவிடும். பெட்டரிக்குப் பக்கத்தில் நெருப்பும் கூடாது. அதிலிருந்து எரியக் கூடிய வாயு வெளியாகிறது. கதவு மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடவும் வேண்டாம். அந்தப் புகையில் மணமே இல்லாத நச்சு வாயு கலந்திருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால்

நம்மில் அதிகமானோரைக் கலங்க வைப்பது இதுதான். பதறாமல், சாவியைத் திருப்பும்போது வண்டி என்ன பதில் சொல்கிறது என்று காது கொடுங்கள்.

"டிக், டிக்" என்ற சத்தம் மட்டும் வருகிறதா? அல்லது சத்தமே இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மீண்டும் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கி அணையப் போவது போலானால் பெட்டரியில் பலமில்லை, அல்லது அதன் முனைகளில் பிடிப்பில்லை. வெளிச்சம் மங்காமலே இருந்தும் சத்தம் வராவிட்டால் ஸ்டார்ட்டர் பக்கம் கோளாறு இருக்கலாம். ஓட்டோ கியர் வண்டியானால், பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை 'பார்க்' நிலையிலிருந்து 'நியூட்ரல்' நிலைக்கு மாற்றி ஒரு தடவை முயன்று பாருங்கள். பழைய வண்டிகளில் கியருக்குக் கீழுள்ள சுவிட்ச் தேய்ந்து, 'பார்க்' நிலையில் ஸ்டார்ட் எடுக்காமல் 'நியூட்ரல்' நிலையில் எடுப்பதுண்டு.

பெட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு பூத்திருந்தால் அதை நாமே சுத்தம் செய்யலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், பிளஸ் பிறகு. பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது. வெந்நீரில் ஒரு கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். சோடாத் தண்ணீர் பெட்டரியின் துவாரங்களுக்குள் போய்விடக் கூடாது. முனைகளை இறுக்கிப் பூட்டிய பின் மேலே கொஞ்சம் வெசலின் பூசினால் மாவு மீண்டும் எளிதில் பூக்காது. அந்த மாவு அமிலத்தன்மை உள்ளது. கையுறை அணியுங்கள், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாட்வெயார் கடையில் விற்கும் சாதாரண மீற்றர் ஒன்று வீட்டில் இருந்தால் வீண் செலவு பலவற்றைத் தவிர்க்கலாம். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12 வோல்டும் அதற்குக் கீழும் என்றால் அது வெறுமையாகிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அதே மீற்றர் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 இலேயே நின்றால் குறை பெட்டரியில் அல்ல, அதைச் சார்ஜ் செய்யும் ஒல்டர்னேட்டரில். இதைப் பார்க்காமல் புதிய பெட்டரி வாங்கிப் போட்டவர்கள், அதுவும் இரண்டொரு நாளில் படுத்ததும் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் கதை வேறு. முதலில் பெற்றோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பழைய வண்டியின் முள் பொய் சொல்லும். இரவு அடைமழை பெய்திருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயர்களிலும் ஈரம் படிந்திருக்கும். எஞ்சின் நின்ற நிலையில் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு முயன்று பாருங்கள். வயர்களைக் கழற்ற வேண்டி வந்தால் ஒவ்வொன்றாக மட்டும் கழற்றிப் பூட்டுங்கள். இடம் மாறினால் வண்டி இருமும், உதறும். எஞ்சின் ஓடும்போது அந்த வயர்களைத் தொடவே கூடாது. அவற்றில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட்.

சாவியைத் திருப்பியபடி பத்து விநாடிக்கு மேல் பிடித்திருக்க வேண்டாம். அரை நிமிடம் ஓய்வு கொடுத்து மீண்டும் முயலுங்கள். பெற்றோல் வாடை பலமாக அடித்தால் மேலும் முயலாமல் இறங்கி, வண்டிக்குக் கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் பிள்ளைகளை இறக்கி விலகிப் போய்விடுங்கள். அது மூன்றாம் வகை.

சூட்டு முள் மேலே ஏறினால்

டாஷ்போட்டில் உள்ள சூட்டு முள் வழக்கமாக எந்த இடத்தில் நிற்கிறது என்பதை இன்றே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அது வழக்கத்தைவிட மேலே ஏறத் தொடங்கினால் உடனே ஏ.சி.யை நிறுத்துங்கள். பாதுகாப்பாக ஒதுங்க இடமில்லையென்றால், கண்ணாடிகளைத் திறந்துவிட்டு ஹீட்டரை முழு அளவில் போடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுக்கும். ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

அடுத்ததாகச் சொல்வதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். அது பிரஷர் குக்கரைப் போன்றது. உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தத்தினால் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி திறந்த கணத்தில் அத்தனையும் பொங்கி முகத்திலும் கழுத்திலும் அடிக்கும். விசில் அடங்காத குக்கரைத் திறக்க நாம் துணிவோமா? குறைந்தது முக்கால் மணி நேரமாவது பொறுத்து, மேல் ஹோஸ் கைக்குச் சூடில்லாமல் ஆன பிறகு, தடித்த துணியை மூடியின் மேல் போட்டு மெதுவாகத் திருப்புங்கள். கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் கூடாது. அடுப்பில் காய்ந்த கண்ணாடிப் பாத்திரத்துக்கு நேர்வது அதற்கும் நேரலாம்.

ஆறிய பிறகு பார்க்க வேண்டியவை நான்கு. தண்ணீர் குறைந்திருக்கிறதா? ஹோஸ் வெடித்திருக்கிறதா? பெல்ட் அறுந்திருக்கிறதா? விசிறி சுழல்கிறதா? கடைசிக் கேள்விக்கு விடை எளிது. அநேக கார்களில் எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டால் விசிறி சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஒரு பியூஸ் போயிருக்கலாம். அது நாமே மாற்றக் கூடியது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புப் பகுதிகளில் கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கட்டி பிடிப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளேயும் அதே கட்டிதான். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் உதவும். வழக்கமாக ஊற்றுவதற்குக் கூலன்ட்தான் நல்லது. அது துருவையும் தடுக்கும். ஆனால் கூலன்ட் பார்க்க நிறமாகவும் ருசியில் இனிப்பாகவும் இருக்கும், விஷமானது. பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். குளிர்பானப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

முள் சிவப்புக்குப் போன பிறகும் "வீடு கிட்டத்தானே" என்று இரண்டு கிலோமீற்றர் ஓட்டினால், அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, ஒரு ஹோஸுக்குக் கொடுக்க வேண்டிய காசு எஞ்சினைப் பிரிக்கும் செலவாக மாறிவிடும்.

சிவப்பு விளக்குகள் மூன்று

சாவியைப் பாதி திருப்பியதும் டாஷ்போட்டில் எரியும் விளக்குகள் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். ஓடும்போது எரிந்தால் அது செய்தி.

எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு ஒயில் அழுத்தம் இல்லை என்று சொல்கிறது. இது மூன்றாம் வகை. அடுத்த சந்திவரை கூட ஓட்டாமல் எஞ்சினை நிறுத்துங்கள். சமதரையில் சில நிமிடம் பொறுத்து, ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு இழுத்துப் பாருங்கள். ஒயில் இரண்டு குறிகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஊற்றிப் பாருங்கள். ஊற்றியும் விளக்கு அணையாவிட்டால் வண்டியைக் கட்டியிழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பெட்டரிப் படம் போட்ட விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. சூட்டு முள்ளையும் சேர்த்துப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் ஒல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டே தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது; நிறுத்துங்கள். முள் ஏறாவிட்டால் ஏ.சி., ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கிட்டிய கராஜுக்குப் போகலாம். இரவானால் ஹெட்லைட்டே பெட்டரியைக் குடித்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது பிரேக் விளக்கு. ஹேன்ட்பிரேக்கை இறக்கிய பின்னும் அது எரிந்தால் பிரேக் ஒயில் குறைந்திருக்கலாம்.

பிரேக்கில் கைவைத்தியம் வேண்டாம்

பிரேக்கைப் பார்ப்பது நம் வேலை. பழுதுபார்ப்பது நம் வேலையல்ல. பொனட்டுக்குள் இருக்கும் சிறு பிளாஸ்டிக் குடுவையில் பிரேக் ஒயில் மட்டத்தைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். பிரேக் பேட் தேயத் தேய அது மெல்ல இறங்குவது இயல்பு. திடீரென்று இறங்கினால் எங்கோ கசிகிறது. மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறதா? பஞ்சு போல மிருதுவாக இருக்கிறதா? மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? அப்படியானால் வண்டியைக் கேற்றுக்கு வெளியே எடுக்காதீர்கள். பாஸை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். குறைந்திருக்கிறதே என்று எஞ்சின் ஒயிலை அந்தக் குடுவையில் ஊற்றினால் உள்ளே உள்ள இறப்பர்கள் ஊதிப் பிரேக்கே செயலற்றுப் போகும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளது. ஆண்டுக்கணக்காக மாற்றாத ஒயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கும். கடுகண்ணாவை, ரம்பொடை போன்ற இறக்கங்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது கொதித்து ஆவியாகி, மிதி வெறுமையாகத் தரையில் போய் முட்டும். விடுமுறைக்குப் பிள்ளைகளோடு மலைநாட்டுக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஒயிலை முழுமையாக மாற்றச் சொல்லுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும்படி இறங்குங்கள். ஓட்டோ வண்டியிலும் '2', 'எல்' என்ற நிலைகள் இருப்பது அதற்காகத்தான்.

டயரும் பியூஸும்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பூ நன்றாக இருந்தாலும் பக்கங்களில் வெடிப்புக் கண்ட பழைய டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். காற்றின் அளவு சாரதிக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். டிக்கியில் இருக்கும் உபரிச் சக்கரத்துக்கும் காற்று பார்க்க வேண்டும். தேவைப்படும் நாளில்தான் அது சப்பியிருப்பது தெரியவரும்.

சக்கரம் மாற்றுவதை வீட்டு முற்றத்தில் ஒருமுறை பழகிப் பாருங்கள். எல்லோரையும் இறக்கி, எதிர் மூலைச் சக்கரத்துக்குக் கல் வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திய பின்தான் ஜக்கை உயர்த்த வேண்டும். ஜக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. பூட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். வண்டியை இறக்கிய பின் இன்னொரு தடவை இறுக்குங்கள். கைப்பலம் போதாவிட்டால் வீல் பிரேஸின் நுனியைக் காலால் அழுத்தலாம்.

ஹோன், வைப்பர், உள்விளக்கு என்று ஒன்று திடீரென்று நின்றால் முதலில் பியூஸைப் பாருங்கள். உள்ளே கம்பி எரிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். 10 அம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். எரிந்த அதே அளவைத்தான் போட வேண்டும். பெரிய பியூஸோ, வெள்ளித் தாளோ, வயர்த் துண்டோ வைத்தால் பியூஸுக்குப் பதிலாக வண்டியின் வயர்கள் எரியும். புதிய பியூஸும் உடனே எரிந்தால் அதற்கு மேல் நம் வேலையல்ல.

கராஜில் பேசும் முறை

பெண் தனியாகப் போனால் ஏமாற்றுவார்கள் என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. நல்ல பாஸ்மார் நிறையவே இருக்கிறார்கள். ஆனாலும் கேட்கிறவர் விபரமாகக் கேட்டால் வேலையும் விபரமாக நடக்கும். "எஞ்சின் பழுது" என்று நோயைச் சொல்லாமல் அறிகுறியைச் சொல்லுங்கள். "பாஸ், காலையில் குளிராக இருக்கும்போது உதறுகிறது, பத்து நிமிடம் ஓடினால் சரியாகிறது" என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். வேலை தொடங்கும் முன் விலையைக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு கொப்பியில் திகதி, மீற்றர் இலக்கம், மாற்றிய சாமான், கொடுத்த காசு நான்கையும் எழுதி வையுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதையும் அதில் எழுதுங்கள். கொரோலா 100 இன் ஏ வகைப் பெற்றோல் எஞ்சின்களில் அது இறப்பர் பெல்ட்; 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதே காலத்துச் சனியின் ஜி.ஏ. வகை எஞ்சினில் அது சங்கிலி. கணக்கில்லாத வண்டிக்கு யாரும் எதையும் சொல்லலாம். கொப்பி உள்ள வீட்டில் தேவையில்லாததை விற்பது கஷ்டம்.

கிழமைக்குப் பத்து நிமிடம்

வீட்டைப் பெருக்குவதற்கு ஒரு நேரம் வைத்திருப்பது போல வண்டிக்கும் கிழமையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளை நல்லது. ஒயில் கம்பி, கூலன்ட் குடுவை, பிரேக் ஒயில், பெட்டரி முனை, ஐந்து சக்கரம், எல்லா விளக்கு, அவ்வளவுதான். வண்டியை எடுத்த பின் அது நின்ற இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தெளிந்த நீர் ஏ.சி.யிலிருந்து வந்தது, பயப்பட வேண்டாம். கறுப்பு எஞ்சின் ஒயில், சிவப்புப் பெரும்பாலும் கியர் அல்லது ஸ்டியரிங் ஒயில், பச்சை கூலன்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் மெல்லிய எண்ணெய் போல் கசிந்திருந்தால் அது பிரேக்காக இருக்கலாம். அன்று வண்டியை எடுக்காதீர்கள்.

வளர்ந்த மகளையும் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். நாளை அவர்கள் நடுவழியில் நிற்கும்போது தொலைபேசியில் "உம்மா, சூட்டு முள் ஏறுது, என்ன செய்ய?" என்று கேட்பார்கள். "நிப்பாட்டு மகள், மூடியைத் தொடாதே, ஓரமாக நில்லு" என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.